ஆறு லட்சம் மடங்கு எங்கிருந்து வந்தது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மூரின் விதி (ஒரு சிப்பில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்பது) செத்துவிட்டது, சிப்புகள் இனிப் பெரிதாக வேகமெடுக்காது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்குச் செலவாகும் கணினித்திறன் ஆண்டுக்கு நான்கு மடங்கு கூடுகிறது என்று இன்னொரு பக்கம் எழுதுகிறார்கள். இரண்டில் எது பொய்? இந்த வளர்ச்சி இன்னும் பத்து ஆண்டுக்கு இப்படியே போகுமா? மகள் பொறியியல் சேரப்போகிறாள், அதனால் கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டும் பொய்யில்லை. வெவ்வேறு மூன்று சங்கதிகளை 'கணினித்திறன்' என்ற ஒரே சாக்கில் கட்டிவைத்திருப்பதால்தான் முரண்படுவதுபோல் தெரிகிறது. ஒரு சிப்புக்குள் எத்தனை டிரான்சிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்ச், அடங்கும் என்பது ஒன்று. ஒரு ரூபாய்க்கு எத்தனை பெருக்கல் கிடைக்கும் என்பது இன்னொன்று. ஒரு நிறுவனம் ஒரே ஒரு மொழி மாதிரியை (சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருந்து விடை எழுதுவது) பயிற்றுவிக்க மொத்தம் எத்தனை பெருக்கல்களைக் கொட்டுகிறது என்பது மூன்றாவது. முதலாவது தளர்ந்துவிட்டது, இரண்டாவது நடை போடுகிறது, மூன்றாவது பாய்கிறது. ஆக, மூன்றாவது எதைத் தின்று இப்படி வளர்கிறது, அந்தத் தீனி எத்தனை நாளைக்குக் காணும் என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் இருபது ஆண்டுக்கு மேலாகச் சிப் வடிவமைப்பில் இருப்பவன். டிரான்சிஸ்டர்களுக்கு இடம் பார்த்து உட்காரவைத்து, கம்பி இழுத்து, குறித்த நேரத்துக்குள் சமிக்ஞை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. செயற்கை நுண்ணறிவு ஆய்வு என் தொழில் இல்லை. ஆகவே சிப், மின்சாரம், நினைவகம் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறிவைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2012இல், படத்தில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கும் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலைப்பின்னல் மற்ற எல்லாவற்றையும் வெகுதூரம் பின்னால் தள்ளியது. இன்றைய அலை அங்கேதான் எழும்பியது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் அதைப் பயிற்றுவித்தவர்களிடம் இருந்தவை, வீடியோ கேம் விளையாடும் பையன்கள் கடையில் வாங்கும் என்விடியா ஜிடிஎக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு. ஓடியது ஐந்தாறு நாள். எட்டு ஆண்டு கழித்து 2020இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி வந்தது. அதன் பயிற்சிக்கு ஆன கூட்டல் பெருக்கல்களின் எண்ணிக்கை, அலெக்ஸ்நெட்டுக்கு ஆனதைப்போல ஏறத்தாழ ஆறு லட்சம் மடங்கு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு என்ற மூரின் வாய்ப்பாட்டை நம்பியிருந்தால், எட்டு ஆண்டில் 16 மடங்குதான் கிடைத்திருக்கும்.

மீதி எங்கிருந்து வந்தது? ஜிபிடி-3 பயின்றது வி100 என்ற கார்டுகளில். அந்தக் கார்டு ஒன்றை மட்டும் வைத்துப் பயிற்றுவித்திருந்தால் சுமார் 350 ஆண்டு ஆகியிருக்கும். நாளாக்கினால் ஏறத்தாழ 1,28,000. அலெக்ஸ்நெட்டுக்கு இரண்டு கார்டு, ஐந்தரை நாள், ஆக 11 நாள் உழைப்பு. வகுத்தால் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆறு லட்சத்தை அதனால் வகுத்தால், தனியொரு கார்டின் முன்னேற்றம் ஐம்பது மடங்கை ஒட்டித்தான் இருக்க முடியும். அந்த ஐம்பதையும் பிரிக்கலாம். 580இல் 300 கோடி டிரான்சிஸ்டர், வி100இல் 2,110 கோடி. அது ஏழு மடங்கு. கடிகார வேகம் இரண்டிலும் ஏறக்குறைய 1.5 கிகாஹெர்ட்ஸ், அதில் ஒரு லாபமும் இல்லை. இன்னொரு ஏழு மடங்கு, எண் அட்டவணைகளைப் பெருக்கும் அணிப் பெருக்கலுக்கென்றே தனி உறுப்புகளைச் சிப்பில் வைத்ததாலும், 32 பிட் எண்களுக்குப் பதிலாக 16 பிட் எண்களை வைத்துச் சமாளித்ததாலும் வந்தது.

ஆக, ஆறு லட்சத்தில் சிப் தொழிற்சாலை கொடுத்தது ஏழு. வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் ஏழு. மிச்சமுள்ள பன்னிரண்டாயிரம், நிறைய கார்டு வாங்கி நிறைய நாள் ஓட்டியது. பச்சையாகச் சொன்னால், காசு. இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கும் எதையும் இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் ஏழுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். கார்டன் மூர் 1965இல் சொன்னது ஆண்டுக்கு ஓர் இரட்டிப்பு. 1975இல் அதை அவரே இரண்டு ஆண்டு என்று திருத்திக்கொண்டார். அவர் சொன்னது எண்ணிக்கையை. வேகத்தைப் பற்றிய வாக்கு வேறொருவருடையது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974இல் காட்டியது இது: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு மாறாது. அதாவது இரண்டு மடங்கு டிரான்சிஸ்டரை அதே இடத்தில் அடைத்து, முன்னைவிட வேகமாகவும் ஓட்டலாம், சூடு கூடாது. முப்பது ஆண்டு இத்தொழில் வாழ்ந்தது இந்தச் சலுகையில். மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கியதும், மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2004இல் பென்டியம் 4 தொட்ட 3.8 கிகாஹெர்ட்ஸ், இருபது ஆண்டு கழித்தும் ஐந்து, ஆறைத் தாண்டவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சில ஆண்டுகளில் 10 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும், அதுவரை பொறு என்று என் மைத்துனரைக் கணினி வாங்கவிடாமல் தடுத்துவைத்தேன். ஒன்றரை ஆண்டு காத்திருந்து பார்த்துவிட்டு அவர் வாங்கிய கணினி, முன்பு பார்த்து வைத்திருந்ததைவிட வேகத்தில் கடுகளவும் கூடுதலில்லை. முன்கணிப்பு சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

எண்ணிக்கை மட்டும் இன்னும் ஏறுகிறது, மூச்சிரைக்க. '3 நானோமீட்டர்' சிப் என்று விளம்பரத்தில் வருகிறதே, அந்தச் சிப்பை எங்கே அளந்தாலும் அந்த மூன்று அகப்படாது. அது தலைமுறைக்கு வைத்த பெயர். அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் வாயில்களுக்கு இடையே நாற்பது, ஐம்பது நானோமீட்டர் இருக்கிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் அவசர நினைவகத்தின் ஒரு செல், தைவானின் டிஎஸ்எம்சி தயாரிக்கும் 5 நானோமீட்டர் முறையில் 0.021 சதுர மைக்ரோமீட்டர்; பரவலாகப் பயன்படும் 3 நானோமீட்டர் முறையிலும் அதே 0.021. ஒரு தலைமுறை முழுவதும் கழிந்தும் அந்தச் செல் சுருங்கவில்லை. 2 நானோமீட்டரில் கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கிறது. சிப்பைப் பரப்பில் பெரிதாக்கும் வழியும் அடைபட்டாயிற்று. ஒளியால் வடிவம் பதிக்கும் இயந்திரம் ஒரே வீச்சில் பதிக்கக்கூடியது 26க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். 2022இல் வந்த என்விடியாவின் எச்100 சிப்பின் பரப்பே 814. அதனால்தான் அடுத்த தலைமுறையில் இரண்டு சிப்புகளை ஒட்டி ஒன்றாக்கி 20,800 கோடி டிரான்சிஸ்டர் என்று கணக்குக் காட்டினார்கள். ஒட்டுவது கெட்டிக்காரத்தனம்தான், நானே அந்த வேலையைச் செய்கிறேன். ஆனால் இரண்டு வீட்டைச் சேர்த்துக் கட்டினால் மின்கட்டணமும் இரண்டு வீட்டுக்கு வரும்.

இரண்டாவது ஏழும் தேய்கிறது. எண்களை 32 பிட்டிலிருந்து 16க்கும், 8க்கும், இப்போது 4க்கும் இறக்கிவிட்டார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் இருமடங்கு லாபம். நான்குக்குக் கீழே இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெளியே அதிகம் பேசப்படாத தடை ஒன்று உண்டு. கணக்குப் போடுவது மலிவு. கணக்குக்கு வேண்டிய எண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் செலவு. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் தந்த பட்டியல் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். 45 நானோமீட்டர் காலத்துச் சிப்பில் ஒரு 32 பிட் பெருக்கலுக்கு 3.7 பிகோஜூல், அந்த எண்ணை வெளி நினைவகத்திலிருந்து எடுத்து வர 640 பிகோஜூல். உப்பைக் குழம்பில் போட ஒரு நொடி, உப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்வர மூன்று நிமிடம் என்றால் சமையல் எப்படி நடக்கும்?

இதை அந்த எச்100 கார்டிலேயே பார்க்கலாம். 7,000 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்று வைத்துக்கொண்ட எண்கள்) கொண்ட மொழி மாதிரி ஒன்றை, அளவுருவுக்கு ஒரு பைட் என்று அதில் ஏற்றினால் 70 ஜிகாபைட் ஆகும். அந்தக் கார்டின் நினைவகம் 80 ஜிகாபைட், அடங்கிவிடும். விடையில் ஒவ்வொரு சொல்துண்டையும் உமிழ்வதற்கு அந்த 70 ஜிகாபைட் முழுவதையும் ஒரு முறை படித்தாக வேண்டும். நினைவகம் நொடிக்குத் தருவது சுமார் 3,350 ஜிகாபைட். வகுத்தால் 48 வரும். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டால், என்ன தலைகீழாக நின்றாலும் நொடிக்கு 48 துண்டுக்கு மேல் வராது. அந்த நேரத்தில் பெருக்கல் உறுப்புகளின் திறனில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பங்குகூடப் பயன்படாது. ஆளில்லாத பஸ்ஸை ஒரே பயணிக்காக மதுரை வரை ஓட்டுவது போன்றது இது. ஆகவே பல பேரின் கேள்விகளைச் சேர்த்து, பஸ் நிறைந்ததும் எடுக்கிறார்கள். நாங்கள் வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெருக்கலை வேகமாக்க அல்ல, நினைவகத்தைக் கொஞ்சமாவது பக்கத்தில் கொண்டுவந்து வைக்க.

இனி அந்தப் பன்னிரண்டாயிரம். காசால் வாங்கிய வளர்ச்சி எதுவரை போகும்? ஆண்டுக்கு நான்கு மடங்கு என்பதைப் பத்து ஆண்டுக்கு நீட்டினால் பத்து லட்சம் மடங்கு. அதே பத்து ஆண்டில், ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பெருக்கல்கள் தாராளமாகக் கணக்கிட்டாலும் 25 மடங்கு கூடும் என்று வைத்துக்கொள்வேன். மீதி 40,000 மடங்கைப் பணம்தான் ஈடுகட்ட வேண்டும். ஜிபிடி-4 மாதிரியின் பயிற்சிக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆனதாக ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மன் 2023இல் சொன்னார். அதை நாற்பதாயிரத்தால் பெருக்குங்கள். 4 லட்சம் கோடி டாலர். இந்தியா ஓராண்டு முழுவதும் உற்பத்தி செய்வதன் மதிப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரே ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க அந்தத் தொகையை எடுத்து வைக்கும் நிறுவனம் உலகில் இல்லை. எனவே உங்கள் கேள்வியின் அந்தப் பகுதிக்கு என் விடை உறுதியானது: இதே வேகம் இன்னும் பத்து ஆண்டுக்குப் போகாது. எந்த ஆண்டில் வளையும் என்பது என் ஊகம் மட்டுமே. 2030ஐ ஒட்டி என்று நினைக்கிறேன்.

பணத்துக்கு முன்பே மின்சாரம் கையை விரிக்கக்கூடும். ஓர் எச்100 கார்டு 700 வாட் இழுக்கும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2024இல் ஒரு லட்சம் கார்டுகளுடன் ஒரு மையத்தைத் தொடங்கியது. கார்டுகளுக்கு மட்டுமே 70 மெகாவாட். பிராசசர், வலையமைப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்தால் அதன் இருமடங்கை நெருங்கும். ஊர் மின்கம்பி உடனே தாங்காததால் எரிவாயு டர்பைன்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இப்போது திட்டமிடப்படுபவை ஆயிரம் மெகாவாட் மையங்கள். கூடங்குளத்தில் ஓர் அணு உலையின் திறன் அவ்வளவு. மைக்ரோசாஃப்ட், பென்சில்வேனியாவில் மூடிக்கிடந்த த்ரீ மைல் ஐலண்டின் ஒன்றாம் உலையை மீண்டும் இயக்கி இருபது ஆண்டு மின்சாரம் வாங்க 2024இல் ஒப்பந்தம் போட்டதை இந்தப் பின்னணியில் பாருங்கள். உலகத்தின் தரவு மையங்கள் அனைத்தும் 2024இல் செலவிட்டது சுமார் 415 டெராவாட் மணி, உலக மின் நுகர்வில் ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது 945ஐத் தொடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. உலகத்துக்கு இது தாங்கும். ஒரு குறிப்பிட்ட ஊரின் துணைமின் நிலையத்துக்குத் தாங்காது. சிப் தயாராகச் சில மாதம் போதும். உயரழுத்தக் கம்பி இழுத்து முடிக்கப் பல ஆண்டு ஆகும்.

இயற்பியலே கதவைச் சாத்திவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒரு பிட்டை அழிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ரோல்ஃப் லாண்டவர் 1961இல் கண்டறிந்த எல்லை, இன்றைய சிப்புகள் செலவிடுவதற்கு வெகு கீழே கிடக்கிறது. மனித மூளை 20 வாட்டில் ஓடுகிறது. இடம் இருக்கிறது, அங்கே போகும் வழிதான் இன்னும் தெரியவில்லை. குவாண்டம் கணினி அந்த வழியா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: சில வகைக் கணக்குகளுக்கு அது அபாரம், மொழி மாதிரியின் சாதாரணப் பெருக்கலுக்கு அல்ல.

சிப்பும் காசும் தளர்ந்தால் எல்லாம் நின்றுவிடுமா என்றால், நிற்காது. மென்பொருள் பக்கம் கிடைக்கும் லாபத்தை வன்பொருள்காரர்கள் நாங்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவோம், ஆனால் அது பெரிது. 2022இல் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்டின் சின்சில்லா என்ற மொழி மாதிரி, 7,000 கோடி அளவுருக்களோடு, 17,500 கோடி கொண்ட ஜிபிடி-3ஐத் தாண்டியது. அதற்கு முந்தையவை உடம்பைப் பெருக்கிக்கொண்டு குறைவாகப் படித்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. 2024 டிசம்பரில் வந்த சீனாவின் டீப்சீக்-வி3இல் 67,100 கோடி அளவுருக்கள் இருந்தாலும், ஒரு சொல்துண்டுக்கு வேலை செய்பவை 3,700 கோடி மட்டுமே. அதன் கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்குச் சுமார் 56 லட்சம் டாலர் கணக்குக் காட்டினார்கள். முன்சோதனைகளின் செலவு அதில் சேரவில்லை என்று அவர்கள் அறிக்கையிலேயே இருந்தது; செய்தியில் அந்த வரிதான் விட்டுப்போயிற்று.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம். 'அம்மா' என்று எழுதினால் கணினிக்கு அது 15 பைட். ஆங்கிலத்தில் 'mother' என்றால் ஆறு பைட். பழைய மொழி மாதிரிகள் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் படித்தன. ஒவ்வொரு துண்டுக்கும் மேலே சொன்ன அந்த பஸ் ஒருமுறை போய்வந்தாக வேண்டும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது நறுக்கும் முறையை மாற்றினார்கள். எடுத்துக்காட்டாக அவர்கள் காட்டிய ஒரு தமிழ்ப் பத்தி 116 துண்டிலிருந்து 35ஆகக் குறைந்தது. மூன்று மடங்குக்கு மேல் சிக்கனம். சிப்பில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை.

நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் கேள்விக்குள் ஒளிந்திருப்பது இன்னொன்று: கணினித்திறன் கூடினால் அறிவும் கூடுமா? இங்கே என் தரை முடிகிறது. தெரிந்தவரை, 2020இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, கணக்குகளைப் பத்து மடங்காக்கினால் அடுத்த சொல்லை ஊகிப்பதில் நேரும் பிழை சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. பிழை சீராகக் குறைகிறது என்பது பலமுறை பார்த்து உறுதியானது. அந்தப் பிழை இன்ன அளவுக்கு வந்தால் மாதிரிக்கு இன்ன வேலை செய்ய வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வாய்ப்பாடு இல்லை. 1965இல் மூர் தன் வரைபடத்தைப் போட்ட அதே ஆண்டில்தான், இருபது ஆண்டுக்குள் மனிதன் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்யும் என்று ஹெர்பர்ட் சைமனும் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். மூரின் கணிப்பு நின்றது, சைமனுடையது விழுந்தது. மூர் சொன்னது எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளைப் பற்றி. அதை நிறைவேற்ற ஒரு தொழிலே வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. 'எந்த வேலையையும்' என்பதை எதில் எண்ணுவது? இன்று தேதி குறித்துச் சொல்லப்படும் கணிப்புகளையும் நான் சைமன் பக்கத்தில்தான் வைக்கிறேன். பத்து ஆண்டு முன்பு கேட்டிருந்தால், இன்று இந்த மாதிரிகள் எழுதும் நிரல்களை எழுதவே முடியாது என்று நானே அடித்துச் சொல்லியிருப்பேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் மகள் விஷயம். கணினி அறிவியலில் இடம் கிடைக்காமல் மின்னியலோ மின்னணுவியலோ கிடைத்தால், நட்டம் என்று வருந்த வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் பத்தாண்டுக்கு முன்பெல்லாம் சிப் வடிவமைப்பு முடிந்து, வரைபடம் தொழிற்சாலைக்குப் போகும் தறுவாயில்தான் வெப்பக் கடத்தல் படித்த இயந்திரவியல் பொறியாளரைக் கூப்பிடுவோம். வந்து பார்த்து, மேலே எவ்வளவு பெரிய விசிறி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது முதல் நாள் கூட்டத்திலேயே அவருக்கு நாற்காலி போடுகிறோம். எந்த உறுப்பை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் பென்சிலை எடுக்கிறோம்.